புது ஜெயில் ரோட்டில் ஒரு பழைய சட்டம்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் தம் வாழ்நாளில் நான்கு முறை சிறை சென்றவர். ஒருமுறைகூடத் திருட்டுக்கோ அடிதடிக்கோ இல்லை. சாலை மறியல், கொடிக்கம்பம், சுடுகாட்டுப் பாதை, சிலைக்கு மாலை. அவரிடம் சிறையைப் பற்றி நாங்கள் கேட்கும்போதெல்லாம் அவர் சுவரைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ பேசியதில்லை. ஒரு வாளியைப் பற்றித்தான் பேசுவார். எழுபதுகளின் கடைசியில், தென்மாவட்டச் சிறை ஒன்றில், உள்ளே போன மறுநாள் காலை, வரிசையில் நின்றவர்களிடம் வார்டர் ஊர் கேட்டார், பிறகு தெரு கேட்டார். தெருவைச் சொன்னதும் தோழர் கைக்கு வாளியும் விளக்குமாறும் வந்தன. "நான் அரசியல் கைதி" என்றாராம். "அரசியலைச் சாயங்காலம் பண்ணிக்க" என்றாராம் வார்டர். தோழர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நாங்களும் கூடச் சிரித்திருக்கிறோம்.

இன்று அந்த வாளியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். அது அந்த வார்டரின் சொந்தக் கெட்ட குணத்திலிருந்து வந்ததல்ல. அதற்கு எண் இருந்தது, சட்டப் பிரிவு இருந்தது, வரலாறு இருந்தது. சிறை வரலாறு எழுதியவர்கள் யார் யார் எந்த அறையில் அடைக்கப்பட்டார்கள் என்று எழுதிவைத்தார்கள். அந்த அறையை யார் கழுவினார்கள் என்று எழுதவில்லை.

மதுரையில் இருப்பவர்களுக்கு மத்திய சிறையைத் தெரியாமல் இருக்காது. அரசரடியிலிருந்து நடந்தே போய்விடலாம். சாலையின் பெயர் புது ஜெயில் ரோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளைக்காரன் எழுப்பிய கட்டடம் இன்னமும் இந்த ஊர் வாயில் 'புது ஜெயில்'தான். பேருந்தில் போகும்போது நீண்ட மதில் தெரியும், காவல் கோபுரம் தெரியும், வாசலில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் தெரிவார்கள். பிளாஸ்டிக் பையில் பிஸ்கட், சோப்பு, உள்ளாடை, மடியில் குழந்தை. சிறைக்குப் போய்க் கைதியைப் பார்ப்பதற்கு நம் ஊரில் 'மனு பார்ப்பது' என்று பெயர். அரசிடம் விண்ணப்பிக்கிற சொல்லும் புருஷன் முகத்தைப் பார்க்கிற சொல்லும் ஒன்றாகிப்போனது தற்செயல் இல்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த வரிசையில் நிற்பவர்களின் ஊர்ப்பெயர்களைக் கேட்டுப் பார்த்தால் தென் தமிழகத்தின் காலனிகளையும் சேரிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

இதே அரசரடியில்தான் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. தலித் ஆதார மையமும் அங்கேதான் இயங்கியது. தொண்ணூறுகளில் அந்த வளாகத்தில் தலித் கலை விழா நடந்தபோது பறை அதிர்ந்த அதிர்வு சிறை மதிலுக்குள்ளும் கேட்டிருக்கும் என்று தோழர் சொல்வார். கேட்டதா என்பது நமக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் சிறை என்றதும் மிஷேல் ஃபூக்கோவை எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் காலத்திலும் அப்படித்தான். 1975இல் அவர் எழுதிய புத்தகம் நமக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. உடலை வதைக்கும் தண்டனையிலிருந்து, உடலைக் கண்காணித்துப் பழக்கும் தண்டனைக்கு ஐரோப்பா எப்படி நகர்ந்தது என்பதை அதில் படித்தோம். ஆனால் அந்தக் கோபுரத்தின் உச்சியில் இருப்பவனுக்குக் கீழே உள்ள எல்லா அறைகளும் ஒன்றுபோலத் தெரிகின்றன. எல்லாருக்கும் ஒரே மணி, ஒரே சோறு, ஒரே வேலை. இந்தியச் சிறையில் அது நடக்கவில்லை. கோபுரத்திலிருந்து பார்த்தவனுக்கு இங்கே தெரு தெரிந்தது. ஊரை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து மதிலுக்குள் வைத்தான்.

சிறைக் கட்டடம் வருவதற்கு முன்பே தண்டனையில் சாதி வந்துவிட்டது. 1816ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பதினோராவது ஒழுங்குவிதி கிராமத் தலைவர்களுக்குச் சிறு குற்றங்களைத் தண்டிக்கும் அதிகாரம் தந்தது. வசவு, கைகலப்பு போன்ற குற்றங்களுக்கு ஒருவரைக் கிராமச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதிக்காரராக இருந்தால், அதாவது இழிவான தண்டனை கொடுப்பது பொருத்தமற்றதாக இருக்காது என்று கருதப்பட்ட சாதிக்காரராக இருந்தால், தொழுக்கட்டையில் 6 மணி நேரம் வரை மாட்டலாம். கால்களை மரக்கட்டையின் துளைகளுக்குள் வைத்துப் பூட்டி வெயிலில் உட்காரவைப்பதுதான் தொழுக்கட்டை. ஊர் நடுவில் இருக்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான்.

மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் பன்னிரண்டைவிட ஆறு குறைவு. சட்டம் எழுதியவன் அதை நியாயம் என்றே நினைத்திருப்பான். ஒரே குற்றத்துக்கு ஒருவன் சாவடி நிழலில் உட்காருகிறான், இன்னொருவன் கட்டையில் மாட்டப்படுகிறான். நமது பாட்டன்மார் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. இந்தச் சட்டத்தில் மட்டும், பெயர் இல்லாமல், 'தாழ்ந்த சாதியார்' என்று இருக்கிறார்கள்.

பிறகு சிறைகள் வந்தன. சிறை வந்ததும் சோறு பிரச்சினை ஆனது. 1838இல் மெக்காலே இருந்த சிறை ஒழுங்குக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அதையொட்டிக் கைதிகள் தாமே தனித்தனியாகச் சமைத்துக்கொள்ளும் வழக்கத்தை மாற்றிப் பொதுச் சமையல் கொண்டுவர 1840களில் முயன்றார்கள். பீகார்ப் பக்கச் சிறைகளில் கலவரம் மூண்டது. 1855இல் ஆராவிலும் முசாபர்பூரிலும் இன்னொரு கலவரம். கைதிகள் வைத்திருந்த பித்தளைச் செம்புகளை ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடும் என்று பிடுங்கிக்கொண்டு மண்பாத்திரம் கொடுத்தார்கள். மண்பாத்திரத்தில் தீட்டு ஒட்டும், பித்தளையில் ஒட்டாது. ஊரே திரண்டுவந்து கைதிகளுக்கு ஆதரவாக நின்றது. அரசு செம்பைத் திருப்பிக் கொடுத்தது.

வரலாற்றாசிரியர்கள் இதை 1857 கிளர்ச்சிக்கு முன்னோட்டமாக எழுதுகிறார்கள், காலனியத்துக்கு எதிரான எதிர்ப்பு என்கிறார்கள். இருக்கலாம். நமக்கு இதில் வேறொன்று தெரிகிறது. சிறை நிர்வாகம் அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டது. சாதியைத் தொட்டால் மேல்சாதிக் கைதி கலகம் செய்வான், சாதியை விட்டுவைத்தால் சிறை அமைதியாக நடக்கும். அந்த அமைதிக்கான விலையை யார் கொடுத்தார்கள்? சமையலறையில் இன்ன சாதிக்காரன்தான் நிற்க வேண்டும் என்று ஒரு விதி எழுதினால், கக்கூஸில் இன்ன சாதிக்காரன்தான் நிற்க வேண்டும் என்ற இன்னொரு விதி தானாகவே பின்னால் வந்துவிடும். இரண்டும் ஒரே விதியின் இரண்டு முனைகள்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் யார் என்பது மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. பண்டிதர் அயோத்திதாசர். 1891 டிசம்பர் முதல் தேதி நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாடு கூடியது. பத்துத் தீர்மானங்கள். கல்வி கேட்டார்கள், அரசு வேலை கேட்டார்கள், பொதுக் குளம், கிணறுகளில் தண்ணீர் எடுக்கும் உரிமை கேட்டார்கள். இவற்றையெல்லாம் நாம் எளிதாகப் புரிந்துகொள்கிறோம். இவற்றோடு ஒரு தீர்மானம் சிறைச் சட்டத்தின் 464ஆம் பிரிவை நீக்கச் சொன்னது. சிறையில் இழிவான வேலைகளைப் பறையர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொன்ன பிரிவு அது.

இதை நாங்கள் முதல்முறை படித்தபோது கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். அரசியல் அமைப்பாகத் திரளத் தொடங்கிய காலம். கேட்பதற்கு ஆயிரம் இருந்தன. நிலமில்லை, பள்ளியில்லை, தெருவில் நடக்க வழியில்லை. அந்த நேரத்தில் எதற்குக் கைதியைப் பற்றி ஒரு தீர்மானம்? இன்றைக்கும் நம் இயக்கங்கள் கைதியைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகின்றன. 'நம் சனத்தைக் குற்றவாளி என்று சொல்லிவிடுவார்கள்' என்ற பயம். பண்டிதருக்கு அந்தப் பயம் இல்லை. ஊரில் மேளக்காரனும் வெட்டியானும் செய்வதை வழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், அரசு கை கழுவிவிடலாம். சிறையில் அப்படி முடியாது. அங்கே ஊர் இல்லை, பண்ணையார் இல்லை, கோயில் இல்லை. இருப்பது அரசு மட்டும்தான். அங்கேயும் ஒருவனுக்குப் பிறப்பைப் பார்த்து வேலை கொடுக்கப்படுகிறது என்றால், சாதியைச் செய்வது அரசு. அதை எண் போட்டுச் சுட்டிக்காட்டினார்கள் அந்த மாநாட்டில். நம் அரசியலில் இதைவிடக் கூர்மையான கோரிக்கை குறைவு என்பது எங்கள் எண்ணம்.

தீர்மானங்கள் அனுப்பப்பட்டன. காங்கிரசுக்கும் போயின. சிறை மாறவில்லை. 1894இல் சிறைகள் சட்டம் வந்தது. மாகாணந்தோறும் கையேடுகள் வந்தன. வேலைப் பிரிவினையும் சமையல் பிரிவினையும் அவற்றில் தொடர்ந்தன.

இந்த இடத்தில் மதுரைச் சமவெளியில் வாழும் இன்னொரு மக்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களோடு நமக்கு ஊரில் இருக்கும் கணக்கு வேறு. அதற்காக இதை மறைக்க முடியாது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1914இல் மதுரைக்குப் பக்கத்தில், சமணர் மலையடியில் இருக்கும் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டார்கள். பிறகு பிறமலைக் கள்ளர் நாடு முழுக்கப் பரவியது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஆண்கள் ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குறவர்கள் மீதும் இதே சட்டம். அவர்களுக்காகத் துப்பாக்கி எதிரே நிற்க ஒரு பெருங்கூட்டம் இல்லை, ஆகையால் அவர்களுக்கு நினைவுத்தூணும் இல்லை.

ஊரே சிறை ஆனது என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் மதிலுக்குள் இருந்த சிறையையும் அதோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சாதிக்குப் பிறவியிலேயே குற்றம் எழுதப்பட்டது. இன்னொரு சாதிக்குப் பிறவியிலேயே தண்டனை எழுதப்பட்டது. குற்றம் எழுதப்பட்டவன், தண்டனை எழுதப்பட்டவனைத் தன் ஊரில் செருப்புப் போட விடவில்லை. இரண்டையும் எழுதிய கை ஒன்று என்பதை இரண்டு பேருமே அன்று பேசிக்கொள்ளவில்லை. இன்றும் பேசிக்கொள்வது அபூர்வம்.

1947இல் சென்னை மாகாணம் ரேகைச் சட்டத்தை நீக்கியது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. சாதிப் பெயர் போய், ஆள் பெயர் வந்தது. ஆள் மாறவில்லை. 'ஜெய் பீம்' படம் 2021இல் வந்தபோது அதன் முதல் காட்சியைப் பார்த்த பலர் மிகை என்றார்கள். சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்டு, சிலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிலரை மட்டும் முடியாத வழக்குகளுக்காகப் போலீசிடம் பிரித்துக் கொடுப்பார்கள். மனு வரிசையில் நின்றிருந்தவர்கள் யாரும் அதை மிகை என்று சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

மதுரைச் சிறைக்குத் தியாக வரலாறும் உண்டு. அதையும் மரியாதையோடு சொல்கிறோம். விடுதலைப் போராட்டக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். கம்யூனிஸ்டுகள் இருந்திருக்கிறார்கள். போலீஸ் வேலையை விட்டுவந்து செங்கொடி பிடித்த பாலு 1951இல் இங்கேதான் தூக்கிலிடப்பட்டார். 'தூக்குமேடை பாலு' என்றே ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் தியாக வரலாறு எழுதும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1930 முதல் கைதிகளை ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்தார்கள். படிப்பு, அந்தஸ்து, வெளியே வாழ்ந்த வாழ்க்கைத் தரம் ஆகியவைதான் அளவுகோல். வெளியே கட்டிலில் படுத்தவனுக்கு உள்ளேயும் கட்டில். வெளியே தரையில் படுத்தவனுக்கு உள்ளேயும் தரை. சிறைக்குறிப்பு எழுதப் பேனாவும் தாளும் யாருக்குக் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தியாகி இமானுவேல் சேகரன் 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். அவருடைய சிறைக்குறிப்பு என்று ஒன்று நம் கையில் இல்லை.

இனி பாளையங்கோட்டைக்கு வருவோம். இது பழைய கதை இல்லை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் தேவர், நாடார், பள்ளர் கைதிகளுக்குத் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டிருந்தது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு வந்தது. சாதி மோதலைத் தடுக்கத்தான் பிரித்துவைத்திருக்கிறோம் என்றது நிர்வாகம். 2014இல் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தென்மாவட்டங்களில் சாதி மோதல் உண்மை. உள்ளே போகிறவர்களில் பலர் அந்த மோதல் வழக்குகளிலேயே போகிறவர்கள். ஆகவே நிர்வாகம் சொன்னதைப் பொய் என்று ஒரே அடியாகத் தள்ளிவிட முடியாது. நம் பிள்ளைகளின் அம்மாக்களே, 'தனியா வச்சா உசுரோட இருப்பான்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். கொள்கை பேசுகிற நமக்கு அந்த அம்மாவிடம் சொல்ல உடனே ஒரு பதில் கிடைப்பதில்லை.

ஆனால் 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறைக்குள் நம் இளைஞர் ஒருவர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். சாதிவாரியாகப் பிரித்துவைத்த சிறை அவரைக் காப்பாற்றவில்லை. பல ஆண்டுகளாகச் சாதி சாதியாகப் பிரித்து அடைத்தால், ஒவ்வொரு பிளாக்கும் ஒரு ஊராக ஆகிவிடுகிறது. அந்த ஊருக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு பகை, ஒரு கணக்கு எல்லாம் வந்துவிடுகின்றன. வெளியே எந்தச் சாதிச் சங்கத்திலும் இல்லாத பையன் உள்ளே போனதும் சாதிக்குள் போய்த்தான் படுக்க வேண்டியிருக்கிறது. உயிரைக் காப்பாற்ற ஒருவரைத் தனியாக வைப்பது வேறு, சாதியைக் கேட்டு அறை ஒதுக்குவது வேறு. முன்னதற்கு ஒவ்வொரு ஆளையும் விசாரித்து அறிய வேண்டும், ஆள்பலம் வேண்டும், வேலை அதிகம். பின்னதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். நிர்வாகம் எது எளிதோ அதைச் செய்தது.

2020இல் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளை எடுத்துவைத்து, சாதி எப்படி அவற்றில் விதியாகவே அச்சாகியிருக்கிறது என்று எழுதினார். பிறகு அவரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 அக்டோபர் 3ஆம் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை மாணவர்கள் கட்டாயம் முழுவதும் படிக்க வேண்டும். மேற்கு வங்கத்தின் விதி, சமையல்காரர் 'தகுந்த' சாதியாக இருக்க வேண்டும் என்றது, துப்புரவுக்கு மேத்தர், ஹாரி என்று சாதிப் பெயரையே எழுதியிருந்தது. உத்தரப் பிரதேசக் கையேடு 2022இல் புதுப்பிக்கப்பட்டது. அதிலும், வெறுங்காவல் கைதிக்கு இழிவான வேலை கொடுக்கக் கூடாது, அந்த வேலைக்குப் பழகிப்போன சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் ஒழிய என்று இருந்தது. 'பழகிப்போன' என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். 1816இன் ஒழுங்குவிதி இழிவான தண்டனை சிலருக்குப் பொருத்தமற்றதாக இருக்காது என்றது. இருநூறு ஆண்டு கழித்தும் மொழிகூட மாறவில்லை.

இந்த விதிகள் எல்லாம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். சமத்துவத்துக்கான 14, 15ஆம் பிரிவுகளோடு, தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவையும், உயிர் வாழும் உரிமைக்கான 21ஐயும், கட்டாய வேலையைத் தடுக்கும் 23ஐயும் சேர்த்து நிறுத்தியது. மூன்று மாதத்துக்குள் கையேடுகளைத் திருத்தச் சொன்னது. சீர்மரபினரை 'வழக்கமான குற்றவாளி' என்று பார்க்கும் விதிகளையும் கண்டித்தது. பாளையங்கோட்டை ஏற்பாட்டை ஏற்ற 2014 தீர்ப்பின் வாதத்தையும் ஏற்க மறுத்தது. ஒழுங்கை நிலைநாட்டச் சாதிப் பிரிவினையைக் கருவியாக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் ஒன்றிய உள்துறை மாதிரிச் சிறைக் கையேட்டைத் திருத்தியது.

நீலகிரித் தீர்மானத்திலிருந்து இந்தத் தீர்ப்பு வரை 133 ஆண்டுகள். நடுவில் எத்தனை ஆட்சிகள், எத்தனை சிறைச் சீர்திருத்தக் குழுக்கள், எத்தனை சமூகநீதி மாநாடுகள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பண்டிதரின் பெயரில் நினைவுநாள் கொண்டாடியவர்களாகிய நாமும் அந்த ஒரு தீர்மானத்தைக் கையில் எடுத்து ஒரு வழக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிப்பது நேர்மையாக இருக்காது.

தீர்ப்பில் எங்களுக்கு ஒரு இடறலும் உண்டு. சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்லதுதான். வாசலில் நிற்கும்போதே சாதி கேட்கும் அந்தக் கேள்வி ஒழிய வேண்டும். ஆனால் இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பட்டியல் சாதியினர் என்று நாம் எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறோம்? 2011 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் 16.6 விழுக்காடு, சிறையில் அதைவிட அதிகம் என்று எப்படிச் சொல்கிறோம்? அந்தப் பத்தியிலிருந்துதான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். அந்த மூன்று பேர் யார் என்பதுதான் நம் கேள்வி. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை அடைக்கலாம். அதில் உள்ளே போகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து போகிறார்கள் என்று நாளைக்கு யார் கேட்டாலும், கணக்கு இருந்தால்தான் பதில் இருக்கும். இந்தக் கவலை நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கெடுப்பை இந்த உத்தரவு தடுக்காது என்று தெளிவுபடுத்தப்பட்டது. கைதியிடம் கேட்காமல் கணக்கு எப்படி வரும், வேலை ஒதுக்குகிறவர் கண்ணில் படாமல் அந்தத் தகவல் எங்கே வைக்கப்படும் என்பதையெல்லாம் நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாதியைக் கேட்டு இழிவு செய்ததும் அரசுதான். சாதியைக் கேட்காமல் இழிவை மறைக்கக்கூடியதும் அரசுதான்.

மதுரைச் சிறை வாசலில் நம் ஆட்கள் மறக்க முடியாத ஒரு நாளும் உண்டு. 1997 ஜூன் 30ஆம் தேதி, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் ஓடும் பேருந்தை மறித்துக் கொல்லப்பட்டார்கள். தனித்தொகுதியான ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்ததுதான் குற்றம். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தண்டனை நிலைத்தது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. 2008இல் அண்ணா நூற்றாண்டின்போது மூன்று பேர் வெளியே வந்தார்கள். 2019 நவம்பரில், எம்ஜிஆர் நூற்றாண்டை ஒட்டிய தண்டனைக் குறைப்பில், மீதியிருந்த 13 பேரும் விடுவிக்கப்பட்டார்கள்.

தண்டனைக் குறைப்பை நாம் கொள்கையளவில் எதிர்ப்பவர்கள் அல்ல. நம் ஆட்கள்தான் உள்ளே அதிகம், நமக்குத்தான் அது அதிகம் தேவை. கேள்வி அது இல்லை. தலைவர்களின் நூற்றாண்டுக்குச் சிறைக்கதவு திறக்கும்போது, சாதிக்கொலைக்கு உள்ளே போனவன் வெளியே வருகிறான். பிணைத்தொகை கட்ட ஆளில்லாத விசாரணைக் கைதி, விடுவிப்பதற்குத் தண்டனையே இன்னும் இல்லாததால், உள்ளேயே இருக்கிறான். வேலை ஒதுக்கும்போது சாதி கேட்ட சிறை, கதவைத் திறக்கும்போது மட்டும் கொலையில் சாதி இருந்ததா என்று கேட்கவில்லை.

இந்தச் சிறையை இடம் மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது. மேலூர் வட்டத்தில் இடையபட்டிப் பக்கம் புதிய வளாகம் என்கிறார்கள். மேலவளவும் மேலூர் வட்டத்தில்தான் இருக்கிறது. இடம் காலியானால் அரசரடியில் இருக்கும் பழைய கட்டடம் என்ன ஆகும்? சென்னை முன்னுதாரணம் கண்முன்னே இருக்கிறது. 1837இல் கட்டிய சென்னை மத்திய சிறையிலிருந்து 2006இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009இல் இடித்தார்கள். இடிப்பதற்கு முன் சில நாள் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். தலைவர்கள் இருந்த அறைகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. சமையற்கட்டையும் கக்கூஸ் வரிசையையும் பார்க்க யாரும் வரிசையில் நின்றதாக நாங்கள் படிக்கவில்லை.

மதுரையிலும் நாளை பூங்கா கேட்பார்கள், பேருந்து நிலையம் கேட்பார்கள். நினைவுச்சின்னம் கேட்பவர்களும் வருவார்கள். கட்டடம் நிற்பதா போவதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. பதிவேடுகளைப் பற்றி மட்டும் ஒரே கருத்துதான். இனிமேல் எழுதும் பதிவேட்டில் சாதிப் பத்தி வேண்டாம். பழைய பதிவேட்டிலிருந்து அதைக் கிழிக்கவும் வேண்டாம். எந்தக் கைதிக்கு எந்த ஆண்டு எந்த வேலை ஒதுக்கப்பட்டது என்று எழுதிவைத்த நோட்டுகள் எங்கேயாவது மிச்சம் இருந்தால், அவை பழைய தாளாக எடைக்குப் போய்விடாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். சிறைத்துறை புத்தகக் கண்காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டுக் கைதிகளுக்காகப் புத்தகம் கேட்கிறது. நாமும் கொடுக்கிறோம், கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர்களிடம் நாம் கேட்பது இந்த நோட்டுகளைத்தான்.

நோட்டு கிடைக்காவிட்டாலும் ஆட்கள் இருக்கிறார்கள். நம் மாணவர்கள் சிலர் இந்தக் கோடையில் திருமங்கலம், மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் உள்ளே போய்வந்த பெரியவர்களைச் சந்தித்து ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். முதல் கேள்வி, 'எந்த வழக்கில் போனீர்கள்' என்பது இல்லை. அப்படிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். 'உள்ளே முதல் நாள் என்ன வேலை கொடுத்தார்கள்' என்று கேட்கிறார்கள். ஒரு பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் மனைவியை உள்ளே போய்க் காப்பி போடச் சொன்னாராம். அவர் எழுந்து போன பிறகுதான் பதில் சொல்லியிருக்கிறார். ஐம்பது வருடமாக அந்த அம்மாவுக்குத் தெரியாதாம்.